பார்த்தது வேறு, சொன்னது வேறு

வடகிழக்குப் பருவமழை தொடங்கி, வங்கக்கடலில் முதல் தாழ்வு மண்டலம் உருவானதும் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். ‘முன்னைப்போல இல்லை. இப்போது நம்மிடம் செயற்கைக்கோள் இருக்கிறது. எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.’ தொலைக்காட்சி விவாதத்தில் சொல்கிறார்கள், மேடையில் சொல்கிறார்கள், டீக்கடையிலும் சொல்கிறார்கள். கடல்மேல் வெண்மேகம் சுழலும் படத்தைத் திரையில் காட்டிவிட்டால், பாதுகாப்பு ஏற்பாட்டில் பாதி முடிந்துவிட்டதுபோல ஒரு நிம்மதி பரவுகிறது.

இந்த நிம்மதிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அது சாவு விழுந்த பிறகு தெரியவரும். ‘எச்சரிக்கை கொடுத்தோம், அவர்கள்தான் கேட்கவில்லை’ என்பார் அதிகாரி. ‘இதைவிடத் துல்லியமான செயற்கைக்கோள் வேண்டும்’ என்பார் நிபுணர். முதல் பதில் செத்தவர் தலையில் பழியைப் போடுகிறது. இரண்டாவது பதில் வானத்தைக் கைகாட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே, தரையில் செய்யாமல் விட்ட வேலை யார் கண்ணிலும் படாமல் தப்பிவிடுகிறது. நாற்பது ஐம்பது ஆண்டுகளாக இதே கதை நடக்கிறது என்பதால்தான் இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. செயற்கைக்கோள் இல்லாத காலத்தில் புயல் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. எங்காவது ஒரு கப்பல் அதில் சிக்கித் தந்தி அடித்தால்தான் உண்டு. அந்த நிலைக்குத் திரும்பிப் போக யாரும் ஆசைப்பட மாட்டார்கள். நான் மறுப்பது, பார்த்துவிட்டாலே எச்சரித்ததாகிவிடும் என்ற எண்ணத்தை. ஆபத்து ஒருவர் கண்ணில் படுகிறது. அந்தச் செய்தி ஆபத்தில் இருப்பவர் காதில் விழ வேண்டும், அவருக்குப் புரிய வேண்டும், அவர் நம்ப வேண்டும், எழுந்து போக அவருக்கு ஓர் இடமும் வேண்டும். இத்தனையும் நடந்தால்தான் அது எச்சரிக்கை. முதல் படியில் நாம் உலகத் தரத்தில் இருக்கிறோம். மற்றவற்றில் எங்கே இருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

2004 டிசம்பர் 26 காலை, நம் நேரப்படி 6.29 மணிக்குச் சுமத்ராவை ஒட்டிய கடலடியில் பூமி பிளந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து, ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் சுமார் 1,300 கி.மீ. உயரத்தில் வங்காள விரிகுடாவைக் கடந்து போனது. அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து அனுப்பிய அந்தக் கோளில், கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கும் ரேடார் இருந்தது. நடுக்கடலில் சுமார் 60 செ.மீ. உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த சுனாமி அலையை அது அளந்தே விட்டது. கடலில் போகும் கப்பலில் நிற்பவருக்குக்கூடத் தெரியாத அலை அது. அந்த அளவுகள் தரைக்கு இறங்கி, ஆய்வாளர்கள் பிரித்துப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்து மணிக்கணக்காகியிருந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஜேசன்-1 எச்சரிக்கைக்காக அனுப்பப்பட்டதல்ல, அதைக் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் ‘வானத்திலிருந்து பார்த்தால் தப்பிக்கலாம்’ என்று நம்புகிறவர்கள் அந்தக் காலையை மறக்கக் கூடாது. அலை வருவதை வானத்திலிருந்த ஒரு கருவி அளந்தது. கரையில் இருந்த ஒருவருக்கும் அதனால் பயன் இல்லை.

அதே காலையில் புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்ற மீனவ ஊரில் நடந்ததைப் பாருங்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் நிலநடுக்கச் செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். கடல்தண்ணீர் வழக்கத்துக்கு மாறாக மேலே ஏறுகிறது என்று வீட்டார் சொல்ல, உடனே ஊரைவிட்டு ஓடச் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் ஓர் அறிவு மையம் வைத்திருந்தது. அங்கே ஒலிபெருக்கி இருந்தது. செய்தி அந்த ஒலிபெருக்கிக்குப் போயிற்று. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சனம் ஊரைவிட்டு வெளியேறியது. வீடுகள் போயின, படகுகள் போயின, ஆள் சேதம் இல்லை.

இதை ‘அதிர்ஷ்டம்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். போன் வந்தது வேண்டுமானால் அதிர்ஷ்டமாக இருக்கலாம், அந்த ஒலிபெருக்கி அதிர்ஷ்டத்தால் வந்ததில்லை. அந்தக் கடற்கரையில் இப்படிப்பட்ட மையங்கள் பல ஆண்டுகளாக இயங்கின. பக்கத்து வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தினமும் தமிழில் வாசித்தார்கள். நாள்தோறும் உபயோகமான சேதி சொன்ன குரல் என்பதால்தான் ஆபத்து நாளில் அந்தக் குரல் கத்தியபோது ஊர் நம்பியது. வானத்திலிருந்து வந்த தரவும் மண்ணில் கட்டிய நம்பிக்கையும் சேர்ந்த இடம் அது. அந்தச் சேர்க்கையை ஒவ்வொரு மீனவ ஊரிலும் உண்டாக்க என்ன செலவாகும் என்று நாம் கணக்குப் போட்டுப் பார்க்கவே இல்லை.

செயற்கைக்கோள் பார்த்தும் மக்கள் செத்த கதை 2004-இல் தொடங்கவில்லை. 1970 நவம்பர் 12 இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவுப் பகுதியைத் தாக்கிய புயலில் மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் பேர் வரை இறந்தார்கள். வரலாற்றில் பதிவான புயல்களில் இதைவிட அதிக உயிரைக் குடித்தது வேறில்லை. அந்தப் புயலை அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் படம் பிடித்திருந்தன. வானொலியிலும் எச்சரிக்கை வந்தது. ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான் இன்னொரு புயலுக்காக இதே மாதிரி எச்சரிக்கை வந்து, அறிவித்த அளவுக்குச் சேதம் இல்லாமல் போயிருந்தது. இது அதைவிடப் பெரியது என்பதை அறிவிப்பு புரியவைக்கவில்லை. புரிந்திருந்தாலும் போவதற்கு இடம் எங்கே? கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதரை, மூங்கில் வீடு, சுற்றிலும் தண்ணீர்.

1991 ஏப்ரலில் சிட்டகாங் கரையில் மறுபடியும் ஒரு புயல். இருபது ஆண்டுகளில் செயற்கைக்கோள்கள் எவ்வளவோ முன்னேறியிருந்தன. புயல் வருவது நாட்கணக்கில் முன்பே தெரிந்தது. அப்படியும் 1,38,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பின்னர் பாதிக்கப்பட்ட ஊர்களில் கணக்கெடுத்தவர்கள் கண்டது இது: கல் கட்டடத்தை எட்டியவர்கள் அத்தனை பேரும் பிழைத்திருந்தார்கள். எட்டாதவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்திருந்தார்கள். உயிரையும் சாவையும் பிரித்த கோடு ஒரு சுவர். அந்தச் சுவர் போதுமான அளவுக்குக் கட்டப்படவில்லை.

வங்கதேசம் அந்தப் பாடத்தைப் படித்தது. செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து 1970-களின் தொடக்கத்திலேயே ஆரம்பித்த புயல் ஆயத்தத் திட்டத்தை விரிவாக்கியது. இன்று அதில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் பெண்கள். கையில் மெகாஃபோன், கையால் சுற்றும் சைரன். அபாயத்தின் அளவுக்கு ஏற்ப ஒரு கொடி, இரண்டு கொடி, மூன்று கொடி. வீட்டுக்கு வீடு போய், யார் கர்ப்பிணி, யார் நடக்கமாட்டாதவர், எந்த வீட்டில் மாட்டை விட்டு வர மாட்டேன் என்பார்கள் என்றெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறவர்கள் அவர்கள். 2007-இல் சிதர் புயலில் சுமார் 3,400 பேர் இறந்தார்கள். 2020-இல் ஆம்பன் வந்தபோது அந்த நாட்டில் இறந்தவர் எண்ணிக்கை பத்துகளில் நின்றது.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு வாதம் வைக்கும்: ‘அந்தக் காலத்தில் செயற்கைக்கோளும்தானே முன்னேறியது? சாவு குறைந்ததற்கு அது காரணமில்லையா?’ காரணம்தான். எந்தக் கரையில் எப்போது ஏறும் என்று தெரியாமல் இருபது லட்சம் பேரை இடம் மாற்ற முடியாது. ஆனால் இது மட்டுமே காரணமாக இருந்தால் 1991-இல் ஒன்றரை லட்சத்தை நெருங்கிய சாவு நடந்திருக்கக் கூடாது. நம் ஒடிசாவிலும் 1999 அக்டோபரில் அப்படி நடந்திருக்கக் கூடாது. அந்த மாபெரும் புயலை இன்சாட் படங்களின் துணையோடு நம் வானிலைத் துறை பின்தொடர்ந்தது, எச்சரிக்கையும் விட்டது. பத்தாயிரம் பேர் அளவில் மாண்டார்கள். அப்போது அந்த நீண்ட கடற்கரையில் செஞ்சிலுவைச் சங்கம் கட்டிய இருபத்துச் சொச்சம் புயல் காப்பகங்கள்தான் இருந்தன.

அதே ஆண்டு டிசம்பரில் ஒடிசா தனக்கென ஒரு பேரிடர் மேலாண்மை ஆணையத்தை அமைத்தது. இந்தியாவில் மாநில அளவில் அப்படி ஒன்றை முதலில் ஏற்படுத்தியது அந்த மாநிலம்தான். தேசியப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து. கடலோரம் நெடுகக் காப்பகங்கள் எழுந்தன. ஒவ்வொரு காப்பகத்துக்கும் ஊராரிலிருந்தே ஒரு குழு, ஆண்டுதோறும் ஒத்திகை. கடலோரத்தில் 122 இடங்களில் சைரன் கோபுரம் பின்னாளில் வந்தது. 2013-இல் பைலின் வந்தபோது பத்து லட்சம் பேர் அளவில் வெளியேற்றப்பட்டார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. வறுமையில் முன்வரிசையில் இருந்த மாநிலம் இதைச் செய்து காட்டியது. பணக்கார மாநிலங்களுக்கு என்ன தடை?

இப்போது ஓகி புயலுக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஆறாத புண் அதுதான்.

2017 நவம்பர் கடைசி வாரத்தில் நம் தலைக்கு மேல் இன்சாட்-3டி, இன்சாட்-3டிஆர் என்ற இரண்டு வானிலைச் செயற்கைக்கோள்கள் மாறி மாறி, கால் மணி நேரத்துக்கு ஒரு படம் என்ற கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தன. கடல்மேல் வீசும் காற்றை அளக்க ஸ்கேட்சாட்-1 இருந்தது. அதாவது கண் இல்லாத குறை நமக்கு அப்போது இல்லை. 29-ஆம் தேதி இலங்கையை ஒட்டித் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் 30-ஆம் தேதி காலைக்குள் குமரிக் கடலில் புயலாக மாறியது. ‘ஓகி’ என்று பெயர் சூட்டிய நேரத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தில் காற்று மரங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு வேகமாக வலுப்பெற்றது அபூர்வம், அதை முன்கூட்டிச் சொல்வது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் 29-ஆம் தேதி அறிவிப்பு சொன்னது என்ன? ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.’ யாருக்கு இது? கரையில் இருப்பவருக்கு. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, பூத்துறை, இரவிபுத்தன்துறை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று தேங்காய்ப்பட்டணத்துக்கும் கேரள எல்லைக்கும் நடுவே வரிசையாகக் கிடக்கும் ஊர்களின் தொழில் தெரிந்த யாரும் அந்த அறிவிப்பை அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் ஆழ்கடல் தொழிலாளிகள். கொச்சியிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் கிளம்பினால் வாரக்கணக்கில் கடலில் தங்கி, சுறாவுக்கும் சூரைக்கும் ஆயிரங்கால் தூண்டில் போடுகிறவர்கள். அறிவிப்பு வெளியான அன்று அவர்களில் பலர் கரையைவிட்டுப் போய் எத்தனையோ நாளாகியிருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்ட வாக்கியம் ‘எந்தப் பக்கம் ஓட வேண்டும்’ என்பது. அதைச் சொல்லவும் ஆள் இல்லை, சொன்னால் கேட்கக் கருவியும் இல்லை.

அந்த ஆழ்கடல் படகை ஓட்டும் ஸ்ராங்கு நிற்கும் அறையைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். இரண்டு பேர் நெருக்கி நிற்கலாம். சுக்கானுக்கு மேலே ஒரு ஜிபிஎஸ், பக்கத்தில் எக்கோ சவுண்டர், கொக்கியில் தொங்கும் வயர்லெஸ் மைக். ஜிபிஎஸ் வானத்துக் கோள்களிடமிருந்து சமிக்ஞை வாங்கி, அவர் எங்கே நிற்கிறார் என்பதை மீட்டர் சுத்தமாகச் சொல்லும். அது அவருக்கு மட்டும் சொல்லும், கரைக்குச் சொல்லாது. வயர்லெஸ் சில பத்து கிலோமீட்டர் எட்டும், அதனால் பக்கத்துப் படகோடு பேசலாம், கரையோடு பேச முடியாது. சாட்டிலைட் போன் இருந்தால் பேசலாம். ஆனால் அரசு அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். வானம் நிறையச் செயற்கைக்கோள்கள் சுற்றிய காலத்தில், அந்த அறையில் நின்ற மனிதருக்கு அடுத்த படகின் குரல்தான் கடைசித் தகவல். அந்தக் குரல் படகு படகாகத் தாவிப் போய்த்தான் சிலர் தப்பினார்கள். லட்சத்தீவிலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் போய் ஒதுங்கியவர்கள் பலர். திரும்பாதவர்களும் பலர்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்னும் அதிக வேதனை தருகிறது. எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்ற கணக்கே அரசிடம் இல்லை. நாளுக்கொரு எண்ணிக்கை வந்தது. ஊர் ஊராகப் பங்குத்தந்தைகளும் இளைஞர்களும் உட்கார்ந்து, வீடு வீடாக விசாரித்து, பெயரும் படமுமாகக் காணாமல்போனவர் பட்டியலைத் தயாரித்தார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தபோது அவர்கள் கேட்டது, எங்கள் ஆட்களைத் தேடுங்கள் என்பதைத்தான். மேகத்தின் உச்சி எத்தனை டிகிரி குளிர்ந்திருக்கிறது என்று கால் மணிக்கொரு தடவை அளக்கத் தெரிந்த தேசத்துக்கு, தன் கடலில் எத்தனை படகு நிற்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. இன்னும் நான்கு செயற்கைக்கோள் கூடுதலாக இருந்திருந்தாலும் இந்தக் குறை அப்படியேதான் இருந்திருக்கும்.

சென்னையின் 2015 வெள்ளத்தை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ள வானத்துக்குப் போக வேண்டியதில்லை. மதகைத் திறந்தவருக்கே தெரியும். அது அடையாற்றங்கரையில் படுத்திருந்தவருக்கு வேண்டிய நேரத்தில் தெரியவில்லை என்பதுதான் நடந்த கொடுமை. மேகம் மூடிய நாளில் சாதாரணக் கேமரா பொருத்திய செயற்கைக்கோளால் தரையைப் பார்க்கவும் முடியாது. மேகத்தை ஊடுருவும் ரேடார் கோள் இருந்தாலும் அது நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்கு மேல் வந்து நிற்காது, தன் சுற்றுப்பாதையில் வரும்போதுதான் வரும். வெள்ளப் பரப்பின் வரைபடம் கைக்குக் கிடைக்கும்போது வெள்ளம் வீட்டுக்குள் வந்திருக்கும். நிவாரணத்துக்கும் இழப்பீட்டுக்கும் அந்த வரைபடம் அருமையான ஆவணம்தான். அதைத் தற்காப்பு என்று அழைக்கக் கூடாது.

வயநாட்டிலும் இதேதான். 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலை பகுதியை மண்சரிவு அடித்துக்கொண்டு போன பிறகு, தேசியத் தொலையுணர்வு மையம் வெளியிட்ட படங்கள் எத்தனை சதுர மீட்டர் நிலம் பெயர்ந்தது, எத்தனை கிலோமீட்டர் சேறு ஓடியது என்று துல்லியமாகக் காட்டின. முந்தைய நாளே ஆபத்தைச் சுட்டிக்காட்டியது கல்பற்றாவிலுள்ள ஹியூம் மையம். அதன் கையில் இருந்தது ஊர்க்காரர்களும் விவசாயிகளும் தினமும் அளந்து சொல்லும் மழைமானிகளின் வலைப்பின்னல். தோட்டத்து மூலையில் நட்டுவைத்த குப்பியில் எத்தனை மில்லிமீட்டர் நின்றது என்ற கணக்கு, எந்த மலைச்சரிவு எவ்வளவு தண்ணீரைக் குடித்திருக்கிறது என்பதைச் சொன்னது. அந்தக் கணக்கைக் கேட்டு ஆளை அப்புறப்படுத்தும் அதிகாரம் அந்த மையத்துக்குக் கிடையாது, அதிகாரம் இருந்தவர்களைத் தட்டி எழுப்பும் விதியும் இல்லை. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

வருத்தம் என்னவென்றால், செயற்கைக்கோளைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்று இந்தியா ஒரு காலத்தில் உலகுக்கே காட்டியது. 1977 நவம்பரில் ஆந்திரத்தின் திவிசீமையைப் புயலும் கடலும் சேர்ந்து விழுங்கின. பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். 1980-களில் இன்சாட் வந்ததும், நம்மவர்கள் அதை வெறும் கேமராவாக வைத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாடு, ஆந்திரக் கடலோரத்தில் தேர்ந்தெடுத்த ஊர்களில் சிறு பெட்டிகளை வைத்தார்கள். புயல் எச்சரிக்கை மையத்திலிருந்து எந்த மாவட்டம் ஆபத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்துப் பெட்டிகளை மட்டும் இன்சாட் வழியாக எழுப்பலாம். முதலில் சைரன் ஒலிக்கும், பிறகு அந்த வட்டார மொழியில் எச்சரிக்கை பேசும். தந்திக் கம்பமும் தொலைபேசிக் கம்பமும் சாய்ந்தாலும் பெட்டி பேசும். 1990 மே மாதம் ஆந்திரத்தை அதே அளவு மூர்க்கமான புயல் தாக்கியபோது லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டார்கள். இறந்தவர் எண்ணிக்கை ஆயிரத்துக்குள் நின்றது. வானத்தில் இருப்பதைக் கண்ணாக மட்டும் பார்க்காமல் வாயாகவும் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. அதன்பின் நாம் கண்ணைத்தான் கூர்மையாக்கிக்கொண்டே வந்தோம்.

‘அந்தப் பெட்டியெல்லாம் பழங்கதை. இப்போது ஒவ்வொருவர் கையிலும் செல்போன் இருக்கிறது’ என்று சொல்வார்கள். 2023-இல் சோதனைக்காக எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். நல்ல ஏற்பாடு, அதை வரவேற்கிறேன். ஆனால் கோபுரத்துக்கு மின்சாரம் இருக்கும்வரைதான் போன் அலறும். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து, டெல்டாவில் எத்தனையோ ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கடலுக்குள் போனால் கரையிலிருந்து சில பத்து கிலோமீட்டர் தாண்டியதும் சிக்னல் போய்விடும். ஆபத்து மிக அதிகமாக இருக்கும் இரண்டு இடங்களிலும், அதாவது காற்று அடித்த பிறகான ஊரிலும் ஆழ்கடலிலும், இந்த ஏற்பாடு கைவிட்டுவிடும்.

‘எவ்வளவு சொன்னாலும் மக்கள் கேட்பதில்லை’ என்பது அடுத்த வாதம். எனக்கு மிகவும் ஆத்திரமூட்டும் வாதமும் இதுதான். ஓர் ஆழ்கடல் படகு கிளம்ப டீசல், ஐஸ், தூண்டில் இரை, அரிசி, தண்ணீர் என்று லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போட வேண்டும். பாதியில் திரும்பினால் அந்தக் கடன் படகில் போன அத்தனை பேர் பங்கிலும் விழும். அறிவிப்பு வந்து, புயல் வேறு பக்கம் போய்விட்டால் அந்த நஷ்டத்தை ஏற்பது யார்? கரையில் கிடந்த நாளின் கூலியை யார் தருவார்? இதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் ‘திரும்பி வா’ என்பது உத்தரவு மட்டும்தான், உதவி இல்லை. அவர் யோசிப்பதை அலட்சியம் என்று எழுதும் பேனாக்களுக்கு அந்தக் கடன் நோட்டு தெரியாது.

ஊருக்குள்ளும் இப்படித்தான். டெல்டா கடலோரத்தில் ஒரு பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையத்தைப் பார்த்தேன். தூண்கள் மேல் உயர்த்திக் கட்டிய நல்ல கட்டடம். இரும்புக் கதவில் பூட்டு. சாவி வைத்திருப்பவர் பக்கத்து ஊரில் இருந்தார். கழிப்பறைக் குழாய்களில் திருகு இல்லை. ஜெனரேட்டர் அறையில் பழைய பெஞ்சுகள் அடுக்கியிருந்தன. பக்கத்து வீட்டு அம்மாவிடம் புயல் வந்தால் இங்கே வருவீர்களா என்று கேட்டேன். ‘வயசுக்கு வந்த புள்ளைய வச்சுக்கிட்டு, கதவில்லாத கக்கூசுல நான் எப்புடிங்க ராத்திரி தங்குறது?’ என்றார். அந்த வீட்டுக்குச் செயற்கைக்கோள் அனுப்பும் எச்சரிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தால் என்ன? கழிப்பறைக்குக் கதவு போடும் வரை அந்த அம்மா அங்கே போகப் போவதில்லை, அதில் அவர் மேல் ஒரு தவறும் இல்லை.

ஓகிக்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2019-இல் ஜெமினி என்ற கருவி வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் எச்சரிக்கையை வாங்கி ப்ளூடூத் மூலம் போனில் காட்டும். ஆனால் அது ஒருவழிப் பாதை. சேதி போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. ஆபத்தில் சிக்கியவர் பொத்தானை அழுத்தி உதவி கேட்கும் கருவி 2010 முதல் இருக்கிறது. அதிலும் நீண்ட காலம் பதில் வராது, தன் கூக்குரல் கேட்டதா இல்லையா என்று தெரியாமல் அலையில் காத்திருக்க வேண்டும். ‘கேட்டது, வருகிறோம்’ என்று பதில் சொல்லும் இரண்டாம் தலைமுறைக் கருவி 2024 ஜனவரியில்தான் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், சுமார் 364 கோடி ரூபாயில் ஒரு லட்சம் படகுகளில் இருவழி டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் தேசியத் திட்டம் தொடங்கியது. திசை சரியான திசை. எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. அதே கருவி எல்லை தாண்டியவரைக் கண்டுபிடிக்கவும் பயன்படும் என்று மீனவர்கள் பேசிக்கொள்கிறார்கள். பாக் நீரிணையில் அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. காப்பாற்ற வந்த பெட்டி காட்டிக்கொடுக்கவும் செய்யும் என்று தோன்றிவிட்டால், புயல் நாளிலும் அது அணைத்தே கிடக்கும். உயிர்காப்புத் தகவலை வழக்குக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று அரசு எழுத்தில் உறுதி தர வேண்டும்.

இனி ஒவ்வொரு புயலின்போதும் ‘எச்சரிக்கை விடப்பட்டது’ என்று சொல்லும் அறிவிப்போடு இன்னொரு எண்ணையும் வெளியிட வேண்டும்: கடலில் இருக்கும் படகுகள் எத்தனை, அவற்றில் ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்பியவை எத்தனை. பதில் வராத படகுகளின் பதிவெண்ணும் ஊரும் மீன்துறை ஆய்வாளர் மேசைக்குப் போக வேண்டும். அங்கிருந்து அந்தக் கடல்பகுதியில் நிற்கும் மற்றப் படகுகளுக்குச் சொல்லி வயர்லெஸில் கூப்பிடச் சொல்ல வேண்டும். டிரான்ஸ்பாண்டர் எட்டாத ஃபைபர் படகுகளும் வள்ளங்களும் இருக்கின்றன. விசைப்படகு கிளம்பும்போது துறைமுகத்தில் டோக்கன் வாங்குகிறது. இவை விடியுமுன் மணலிலிருந்தே தள்ளிக்கொண்டு போகின்றன. யார் போனார், யார் திரும்பினார் என்று எழுதிவைக்க ஊருக்கு ஓர் ஆள், ஊர்ப் பஞ்சாயத்தே தேர்ந்தெடுத்த ஆள் வேண்டும். அவருக்கு மாதச் சம்பளமும், மின்சாரம் போனாலும் பேசும் ஒரு ஒலிபெருக்கியும் தர வேண்டும். மாநிலப் பேரிடர் தணிப்பு நிதியில் இதற்கென்று பணம் ஒதுக்க அரசுக்கு அடுத்த வடகிழக்குப் பருவம் வரை அவகாசம் இருக்கிறது.